பெரெட்டா மொபில்சோக் டியூப் செட்: ஏற்காட்டு ஈரத்தில் எப்படி உழைக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் திருகி மாட்டும் ஐந்து சோக் டியூப்பும், அதைத் திருக ஒரு சாவியும் உள்ள மொபில்சோக் செட் நல்ல சாமான். மரை சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள், சாவி பிசகாமல் உட்காருகிறது, எஃகு தரமானது. ஆனால் ஐந்தில் இரண்டுதான் நம்ம ஆட்களுக்கு உண்மையில் வேலைக்கு ஆகும். டியூப்பின் மேல் அடித்திருக்கும் எழுத்தை நம்பி யாரும் போட்டிக்குப் போகக் கூடாது, காகிதத்தில் சுட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். அப்புறம், ஏற்காடு மாதிரி ஈரம் பிடித்த ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர் டியூப்பை அடிக்கடி கழற்றித் துடைத்து மாட்டவில்லை என்றால் கொஞ்ச நாளில் அது குழலோடு ஒட்டிக்கொள்ளும். காசு எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் இந்த மூன்றும் மாறாது.

நான் யார், எதற்காகப் பயன்படுத்துகிறேன் என்று சொன்னால்தான் இந்த விமர்சனத்தை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பியும் மிளகும் விளைவிக்கிறேன். துப்பாக்கி பன்னிரண்டு போர் (போர் என்பது குழலின் அளவு), குழல் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் பெரெட்டா 686, செகண்ட் ஹேண்ட். சேலத்தில் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாக வாங்கி, கலெக்டர் ஆபீசில் என் லைசென்ஸில் ஏற்றிய பிறகு கையில் எடுத்தது. சுடுவது கிளே மட்டும், அதாவது காற்றில் வீசும் களிமண் தட்டு, அதிலும் தட்டு நம்மை விட்டு விலகி ஓடும் டிராப் என்ற போட்டி வகை. நாமக்கல், திருச்சி வழியாக புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சுட்டுவிட்டு வருகிற ஆள். புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்ட பிறகு என்னிடம் சோக் பற்றி விசாரிக்கும் பசங்க அதிகமாகிவிட்டார்கள், அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். காட்டுப் பன்றிக்கு எந்த டியூப் நல்லது, முயலுக்கு எது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை, சேர்வராயன் மலையில் இன்னும் மிச்சம் இருக்கிற காட்டெருமையும் கேளையாடும் அப்படியே இருக்கட்டும்.

சோக் என்ன செய்கிறது என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தோட்டாவுக்குள் இருக்கும் பால்ரஸ், அதாவது சின்னச் சின்ன ஈயக் குண்டுகள், குழலை விட்டு வெளியே வந்ததும் பரவத் தொடங்கும். குழலின் வாயை ஒரு இழை குறுக்கினால் அந்தப் பரவல் தள்ளிப்போகும், தோட்டத்தில் தண்ணீர் விடும்போது ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பது மாதிரி. பழைய துப்பாக்கியில் இந்தக் குறுக்கம் குழலிலேயே கடைந்திருக்கும், மாற்ற முடியாது. டியூப் என்றால் குழலின் வாய்க்குள் மரை வெட்டி, வேண்டிய குறுக்கம் உள்ள சின்னக் குழாயைத் திருகி மாட்டுவது. அவ்வளவுதான்.

குறுக்கம் எவ்வளவு என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சிலிண்டர் என்றால் ஒன்றுமே இல்லை. இம்ப்ரூவ்டு சிலிண்டர் சுமார் கால் மில்லிமீட்டர், மாடிஃபைட் அரை மில்லிமீட்டர், இம்ப்ரூவ்டு மாடிஃபைட் முக்கால், ஃபுல் ஒரு மில்லிமீட்டர். படிக்குப் படி கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதை வைத்துக்கொண்டுதான் 40 கெஜத்தில், அதாவது 36 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீதம் விழுகிறது என்ற கணக்கு: சிலிண்டர் 40, இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, மாடிஃபைட் 60, ஃபுல் 70. டிராப்புக்கு 24 கிராம் தோட்டாதான் விதி. 2.4 மில்லிமீட்டர் பால்ரஸ் என்றால் அதில் சுமார் 300 இருக்கும். ஃபுல்லில் 210 வட்டத்துக்குள், சிலிண்டரில் 120. கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராக ஏறினதில் 90 குண்டு வித்தியாசம் வருகிறது பாருங்கள். அதனால்தான் உள்ளே ஒரு இழை துரு, ஒரு இழை பிளாஸ்டிக் படிவு இருந்தாலும் விட்டுவிடக் கூடாது என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

செட்டில் உள்ள டியூப்புகளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வாய் விளிம்பில் சின்ன வெட்டுகள் இருக்கும், ஒரு வெட்டு என்றால் ஃபுல், இரண்டு இம்ப்ரூவ்டு மாடிஃபைட், மூன்று மாடிஃபைட், நான்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர். வெட்டு குறையக் குறைய இறுக்கம் கூடும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். டியூப் துப்பாக்கியில் மாட்டியிருக்கும்போதே எது என்று தெரியும்படி செய்திருப்பது இந்த செட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் அந்த வெட்டைப் பார்ப்பதற்காகக் குழலின் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் வாய்ப் பக்கம் கை போக வேண்டும். தோட்டாப் பெட்டி அந்த மேஜையிலேயே இருக்கக் கூடாது. இதில் யாருக்கும் சலுகை கிடையாது, இருபது வருஷ அனுபவம் இருந்தாலும்.

இப்போது ஐந்தில் எந்த இரண்டு. டிராப்பில் சுடுபவர் நிற்பது தட்டு கிளம்பும் பள்ளத்துக்கு 15 மீட்டர் பின்னால், தட்டு நம்மை விட்டு விலகித்தான் ஓடும், முதல் தோட்டா போய்ச் சேரும்போதே அது 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். அதனால் முதலில் வெடிக்கும் கீழ்க்குழலுக்கு இம்ப்ரூவ்டு மாடிஃபைட், இரண்டாவதாக வெடிக்கும் மேல்குழலுக்கு ஃபுல். என் துப்பாக்கியில் இந்த இரண்டும்தான் நிரந்தரமாக இருக்கின்றன. கொஞ்சம் வேகமாக, தட்டு பக்கத்தில் இருக்கும்போதே சுடும் கை உள்ளவர் என்றால் கீழே மாடிஃபைட் போட்டுக்கொள்ளலாம். புதிதாக வருகிற பசங்களுக்கு இரண்டு குழலிலும் மாடிஃபைட் போட்டுப் பழகச் சொல்வேன், ஃபுல்லைப் போட்டுக்கொண்டு தட்டு தட்டாகத் தவறவிட்டு மனசு ஒடிந்து போவதைவிட அது மேல். இம்ப்ரூவ்டு சிலிண்டரும் சிலிண்டரும் ஸ்கீட் சுடுபவருக்கு, அதில் தட்டு குறுக்கே, 20 மீட்டர் தூர வாக்கில்தான் பறக்கும், அங்கே அகலமாகப் பரவுவதுதான் வேண்டும். நீங்கள் ஸ்கீட் சுடுவதில்லை என்றால் அவை இரண்டும் பெட்டியிலேயே கிடக்கும், எண்ணெய் போட்டு வைத்தால் போதும்.

சரி, எழுத்தை நம்பக் கூடாது என்று ஏன் சொன்னேன்? குறுக்கம் என்பது டியூப்பின் அளவு மட்டும் கிடையாது, குழலின் உள்விட்டத்திலிருந்து டியூப்பின் வாய் விட்டத்தைக் கழித்தால் வருவதுதான் குறுக்கம். பன்னிரண்டு போருக்குப் பெயரளவில் 18.5 மில்லிமீட்டர். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு காலத்து மாடலும் அதில் கூட்டியும் குறைத்தும்தான் கடைகிறது. ஒரே டியூப்பை 18.3 உள்ள குழலில் போட்டால் ஒரு சோக், 18.6 உள்ள குழலில் போட்டால் வேறு சோக். என் நண்பர் ஒருவர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் வகை டியூப் ஒன்றை, வேறொரு கம்பெனியின் சரக்கு, பேரைச் சொல்ல விரும்பவில்லை, ஃபுல் என்று அடித்ததை நம்பி வாங்கினார். சேலத்தில் துப்பாக்கி ரிப்பேருக்கு லைசென்ஸ் உள்ள ஒரு பெரியவரிடம் அவருடைய குழலையும் டியூப்பையும் கொண்டுபோய் அளக்கச் சொன்னோம். மூன்று கால் உள்ள போர் கேஜை மெதுவாக உள்ளே இறக்கி, மூன்று இடத்தில் அளந்து, பழைய டைரியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கழித்துக் காட்டினார். முழு ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் முக்கால்கூட தேறவில்லை. அதைவிட மோசம், டியூப்பின் அடி விளிம்பு குழலுக்குள் இருக்கும் படியில் முட்டாமல் ஒரு இடைவெளி நின்றது. "இதப் போட்டு ஒரு தோட்டாகூட வெடிக்காதீங்க தம்பி, புகையும் ஈயமும் அடியில பூந்துச்சுனா டியூப்பப் பிய்ச்சுக்கிட்டுப் போயிடும்" என்றார். வெர்னியர் காலிப்பரை வைத்து வீட்டிலேயே அளந்து பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: வாய் விட்டம் தோராயமாகத்தான் கிடைக்கும், குழலின் உள்விட்டம் சோக்குக்கு முன்னால் உள்ளே இருப்பதால் வெர்னியரின் மூக்கு அங்கே எட்டாது. கால் மில்லிமீட்டர் விவகாரத்தில் தோராயம் எதற்கும் உதவாது.

என் மொபில்சோக் செட்டையும் அன்றைக்கே அளந்தோம். ஃபுல் ஃபுல்லாகத்தான் இருந்தது, மற்றவையும் எழுத்துக்கு ரொம்பப் பக்கம். கம்பெனி டியூப்பை கம்பெனி குழலுக்கே போடுவதில் இருக்கிற நிம்மதி இதுதான். இருந்தாலும் அளவு சரியாக இருப்பதாலேயே பரவல் சரியாக இருக்கும் என்று அர்த்தம் கிடையாது, அதற்குக் காகிதம்தான் சாட்சி.

காகிதத்தில் சுட்டுப் பார்ப்பதை நம்ம ஊரில் யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. தோட்டா கிடைப்பதே லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்குள்தான், அதைக் காகிதத்தில் வீணாக்குவதா என்ற எண்ணம். நான் சொல்வேன், ஒரு பெட்டியை இதற்கென்று ஒதுக்கினால் அடுத்து வாங்கும் அத்தனை பெட்டியும் மிச்சம். சேலத்தில் முதல் அக்ரஹாரத்தில் சுருளாகக் கிடைக்கும் அகலமான பிரவுன் பேப்பரை வாங்கி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்கிறேன். இதை எஸ்டேட்டில் நட்டுச் சுடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். சத்தம் கேட்டு ஊரே கூடும், லைசென்ஸில் உள்ள நிபந்தனைக்கும் வெளியே போய்விடும். ரேஞ்சிலேயே, அங்கே இருப்பவரிடம் அனுமதி கேட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

செய்யும் முறை இதுதான். நடுவில் கரியால் ஒரு புள்ளி, அதைக் குறிவைத்து ஒரு தாளுக்கு ஒரு தோட்டாதான். வட்டத்தை முன்கூட்டியே வரையாதீர்கள். சுட்ட பிறகு ஓட்டைகள் எங்கே நெருக்கமாக விழுந்திருக்கின்றனவோ அதை நடுவாக வைத்து, 15 அங்குல நூலில் பென்சிலைக் கட்டி வட்டம் போட வேண்டும், அப்போதுதான் உள்ளே எத்தனை என்று எண்ணுவது நியாயமான கணக்கு. வட்டத்தின் நடுவுக்கும் கரிப் புள்ளிக்கும் இருக்கிற தூரம் துப்பாக்கி எங்கே அடிக்கிறது என்பதைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும், இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கின்றனவா என்பதையும். ஒவ்வொரு டியூப்புக்கும் ஒரு தாளோடு நிறுத்தக் கூடாது, சில தாள்களாவது சுட்டு சராசரி எடுங்கள், ஒரு தோட்டாவுக்கும் இன்னொரு தோட்டாவுக்குமே வித்தியாசம் வரும். 40 கெஜம் புத்தகக் கணக்கு. அதோடு நீங்கள் உண்மையில் தட்டை உடைக்கும் தூரத்திலும் சுட்டுப் பாருங்கள், எனக்கு அது 33 மீட்டர் வாக்கில்.

எண்ணி முடித்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, எனக்கு எண்ணிக்கையைவிட அதுதான் முக்கியம். தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். அதே அளவுக்கு ஒரு அட்டையை வட்டமாக வெட்டி, தாளின் மேல் நகர்த்திக்கொண்டே வாருங்கள். அட்டைக்குள் ஒரு ஓட்டைகூட விழாத இடங்கள் எத்தனை, எங்கே என்று பாருங்கள். டிராப்பில் தட்டு விளிம்பைத்தான் நமக்குக் காட்டிக்கொண்டு ஓடும், அப்போது அது இந்த அட்டையைவிட ரொம்பச் சின்ன இலக்கு, எனவே ஒரே ஒரு ஓட்டை விழுந்த இடத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 70 சதவீதம் என்று எண்ணிக்கை வந்து, நடுவில் மட்டும் குவிந்து ஓரமெல்லாம் ஓட்டை விட்ட பரவலைவிட, 65 சதவீதம் வந்து சீராக இறைந்த பரவல் எனக்குப் போதும்.

இந்த வேலையைச் செய்துதான் ஒன்று தெரிந்துகொண்டேன். மலிவான, பால்ரஸ் மென்மையாக இருக்கும் தோட்டாவை ஃபுல்லில் போட்டால் குறுக்கத்தில் நசுங்கி உருண்டை உருண்டையாக இல்லாமல் வெளியே வரும், நசுங்கின குண்டு காற்றில் நேராகப் போகாது. அதே தோட்டா மாடிஃபைட்டில் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையைச் சீராகக் கொடுத்தது. ஆன்டிமனி கூடுதலாகச் சேர்த்துக் கெட்டியாக்கிய பால்ரஸ் உள்ள போட்டித் தோட்டாவில்தான் ஃபுல் தன் பேருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொண்டது. அதாவது டியூப்பைத் தனியாக விமர்சிக்க முடியாது, தோட்டாவையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். தோட்டாவை மாற்றினால் காகிதத்தை மறுபடி எடுங்கள். ஸ்டீல் குண்டு தோட்டா யாராவது வெளிநாட்டுப் பழக்கத்தில் கொண்டுவந்தால் ஃபுல்லில் போடவே கூடாது, ஸ்டீல் ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது, மாடிஃபைட்தான் அதற்கு எல்லை. எல்.ஜி., எஸ்.ஜி. மாதிரி பெரிய குண்டும் இறுக்கமான சோக்குக்கு ஒத்துவராது.

மாட்டும் முறை. குழலின் வாய்க்குள் இருக்கும் மரையைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, டியூப்பின் மரையையும் துடைத்து, மரையில் மட்டும் ஒரு இழை ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். துப்பாக்கிக் கடையில் தனியாக விற்கும் சோக் கிரீஸ்தான் வேண்டும் என்று இல்லை, ஸ்பார்க் பிளக் மரைக்குத் தடவ வண்டி ஸ்பேர்ஸ் கடையில் வைத்திருக்கும் காப்பர் பேஸ்ட்டே நல்ல வேலை செய்கிறது, நான் வாங்குவது ஐந்து ரோடு பக்கம். வெறும் எண்ணெய் போதாது, குழல் சூடானதும் அது கசிந்து போய்விடும். அள்ளி அப்பாமல் தடவினால் சரி. பிறகு சாவியைத் தொடாமல் விரலால்தான் திருக ஆரம்பிக்க வேண்டும். முதல் சுற்றுக்கு முன் எதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, மரை ஒன்றோடொன்று விழுந்து உட்காருவதை விரலில் உணர்ந்த பிறகு முன்னால் திருப்புங்கள். நல்ல டியூப் கடைசிவரை விரலிலேயே போகும், மொபில்சோக் அப்படித்தான் போகிறது. நடுவில் கெட்டியானால் பலம் கொடுக்காமல் வெளியே எடுத்து மறுபடி துடையுங்கள். கடைசியில் சாவியால் ஒரு சின்ன இறுக்கு, மணிக்கட்டின் பலம் மட்டும். வாய் விளிம்பு குழலின் வாயோடு சமமாக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். துருத்திக்கொண்டு நின்றால் உள்ளே அழுக்கு இருக்கிறது அல்லது அது உங்கள் துப்பாக்கிக்கான டியூப் இல்லை.

சுடச் சுட டியூப் தளரும், இது எல்லா செட்டிலும் நடப்பது. டிராப்பில் ஒரு ரவுண்டு 25 தட்டு, ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து காலியாக வைத்துக்கொண்டு விரலால் ஒரு திருகு பார்த்துவிடுங்கள். தளர்ந்த டியூப்போடு சுட்டால் மரை போகும், குழலின் வாய் வீங்கும். டியூப்பே இல்லாமல் சுடுவது அதைவிடக் கேடு, மரையெல்லாம் ஈயமும் பிளாஸ்டிக்கும் ஏறி அடைத்துக்கொள்ளும். துப்பாக்கி பீரோவில் சும்மா இருக்கும்போதும் டியூப் மாட்டியே இருக்கட்டும், மரை திறந்து கிடக்கக் கூடாது.

பராமரிப்பு பற்றித்தான் ஏற்காட்டுக்காரர்களுக்கு அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே 1500 மீட்டர் உயரத்தில் மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகும், பீரோவில் வைத்த சட்டையே நமத்துப் போகும், இரும்பு எம்மாத்திரம். சேலத்தில் கீழே, அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் பாதிகூட இருக்காது. இங்கே கறுப்புப் பூச்சு உள்ள டியூப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பழுப்பு ஏறும். துணி உறையிலோ தோல் உறையிலோ துப்பாக்கியை வைத்தபடி பீரோவில் வைக்காதீர்கள், அந்த உறை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்து வைத்திருக்கும். உறை பயணத்துக்கு மட்டும். கீழே போய்ச் சுட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, குழலை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் அதன் மேல் படிந்த ஈரம் எங்கேயும் போகாது. வந்த அன்றைக்கே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், துடைத்து உலர விட்டு எண்ணெய் போட்டுத்தான் வைக்க வேண்டும். சிலிகா ஜெல் பொட்டலம் போட்டால் நல்லது, அதை அடிக்கடி வெயிலில் காயவைக்கவோ மாற்றவோ வேண்டும்.

டியூப்பின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். தோட்டாவில் பால்ரஸைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கப் குறுக்கத்தில் உரசும்போது சாம்பல் நிறக் கோடு கோடாகப் படிந்துவிடும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். சால்வெண்டில் ஊறவைத்து, பன்னிரண்டு போர் பித்தளை பிரஷ்ஷால் உள்ளே, பழைய பல் பிரஷ்ஷால் மரையில். எமரி தாளை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள், நீங்கள் தேய்ப்பது கால் மில்லிமீட்டரில் விலை பேசும் ஒரு அளவை. குழலின் வாய்க்குள் இருக்கும் மரையையும் அதே பல் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள், பெரும்பாலும் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஒட்டிக்கொண்ட டியூப்பைக் கழற்றுவதை நேரிலேயே பார்த்தேன். மஞ்சக்குட்டைப் பக்கம் இருக்கும் தெரிந்தவர் ஒருவர் மழைக்காலம் முழுக்கத் தொடாமல் வைத்திருந்த துப்பாக்கி. சாவியைப் போட்டால் அசையவே இல்லை. மேலே சொன்ன அதே பெரியவரிடம் போனோம். அவர் சாவியைத் தொடவே இல்லை. குழலை மட்டும் கழற்றி, வாய் கீழே இருக்கும்படி ஒரு தகர டப்பாவில் நிறுத்தி, துரு இளக்கும் எண்ணெயை டியூப் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, "பலத்தக் காட்டுனா மரை போயிடும். ராத்திரி பூரா எண்ணெய் வேலை செய்யட்டும், காலையில நாம செய்யலாம்" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் குழலின் வாய்ப் பக்கத்தை வெளியே மட்டும் சூடு படும்படி கொதித்த தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தார். வெளிக்குழல் ஒரு இழை விரிய வேண்டும், அதற்காக. பிறகு சாவியைக் குழலின் அச்சுக்கு நேராக வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி, அப்புறம் கழற்றும் பக்கமாக ஒரு துளி, மறுபடி இறுக்கும் பக்கம். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், விட்டுக்கொடுத்தது. மரையில் செம்பழுப்புப் பொடி அப்பியிருந்தது, குழலின் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கின கூலி நியாயமானது, கூலியைவிட அவருடைய நிதானத்துக்குத்தான் மதிப்பு. பிளையரை வைத்துத் திருகி டியூப்பின் வாயை முட்டை வடிவமாக்கிக்கொண்டு அவரிடம் வருபவர்கள் உண்டாம், அப்புறம் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தாத்தா காலத்து டபுள் பேரல் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது, இதற்கும் டியூப் போட முடியுமா என்று. சேலத்தில் கடைசல் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை, கையில் வேலை சுத்தமாக இருக்கும் ஆட்கள்தான், ஆனால் தயவுசெய்து அங்கே கொண்டு போகாதீர்கள். பழைய குழலின் வாயில் சுவர் மெலிசு, உள்ளே மரை வெட்டினால் மிஞ்சுவது காகித கனம்தான், ஒரு தோட்டாவில் கிழியலாம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே லைசென்ஸ் வேண்டும், பட்டறைக்காரரையும் வம்பில் மாட்டிவிடுவீர்கள். அந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் ஒரு குழல் தளர்வாகவும் ஒரு குழல் இறுக்கமாகவும் கடைந்திருப்பார்கள், காகிதத்தில் சுட்டுப் பார்த்து எது எது என்று தெரிந்துகொண்டு அப்படியே பயன்படுத்துங்கள், அந்த அமைப்பு நன்றாகவே வேலை செய்யும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது பொருத்தம். பெரெட்டா என்று பேர் இருந்தாலே போதாது, மொபில்சோக் மரை வேறு, பின்னால் வந்த ஆப்டிமா மரை வேறு, ஒன்றை இன்னொன்றில் போட முடியாது. பிரவுனிங்கிலும் இன்வெக்டர் வேறு, இன்வெக்டர் பிளஸ் வேறு. குழலின் மேலேயே எந்த வகை என்று அடித்திருப்பார்கள், கடைக்குப் போகும்முன் அதைப் படித்து எழுதிக்கொண்டு போங்கள். ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான், எனவே வெளிநாட்டுத் தளத்தில் கார்டைத் தேய்த்து பார்சல் வரவழைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், லைசென்ஸ் உள்ள டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். உதிரி டியூப் நம்ம பக்கம் லேசில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். இந்த செட்டின் ஒரே பெரிய குறை என்றால் அதுதான், தொலைத்தால் மறுபடி தேட வேண்டும். பெட்டியில் டியூப்புகள் உட்காரும் குழிகள் கொஞ்சம் தளர்வு, வண்டி குலுங்கினால் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. நான் ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று, தேர்தல் சமயத்தில் இது பலருக்கும் வரும். அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், அங்கே யாரும் உங்கள் டியூப்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். கொண்டுபோகும் முந்தின நாள் இரண்டு டியூப்பையும் கழற்றி, மரையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேஸ்ட் தடவி, மறுபடி மாட்டி, குழலுக்குள்ளும் நல்ல கனமான எண்ணெயாக ஓட்டிக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு, சோக் டியூப் இரண்டு மாட்டியபடி என்றும் எழுதி வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், திறந்து காலி பார்த்துவிட்டு வாய் விளிம்பில் ஒரு வெட்டும் இரண்டு வெட்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.